உப்பு, நான்கு பொட்டலம்

ஆகஸ்ட் பத்தொன்பது, திங்கட்கிழமை.
ரிகாவிலிருந்து ஐந்து நாற்பதுக்குக் கிளம்பும் மின்ரயிலில்
எதிரெதிரே நானும் இமாந்தும்,
நடுவில் இரண்டு வாளிகள்.
கறுப்பு ரொட்டி, அவித்த முட்டை நான்கு, கத்தி.
உப்பு எடுத்தாயா வெல்தா என்றான்.
நீதானே எடுப்பதாகச் சொன்னாய் என்றேன்.
முப்பத்து நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு
சண்டைக்கு இவ்வளவு போதும்.
கெமெரி வரும்வரை பேசவில்லை.

மழை பெய்து ஓய்ந்த காடு.
பாசியை விலக்கினால்
கோழிக்குஞ்சு நிறத்தில் காளான்.
அவன் வேரோடு பிடுங்குவான், நான் அறுப்பேன்.
அதற்கும் ஒரு பழைய சண்டை உண்டு,
இன்று எடுக்கவில்லை.

பத்து மணி வாக்கில்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார் வனக்காவலர்.
வணக்கம் சொல்லவில்லை.
"தலைவருக்கு உடம்பு சரியில்லையாம்.
மாஸ்கோவில் எட்டுப் பேர் கொண்ட குழுவாம். டாங்கிகளாம்.
டிவியில் பாலே ஆடுகிறார்கள்."
பிறகு எங்கள் வாளியை எட்டிப் பார்த்து
"ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் கிடக்கிறது"
என்று போய்விட்டார்.

பாலே போட்டால் யாரோ செத்திருக்கிறார்கள்,
அல்லது சாகப் போகிறோம்.
இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
ஆனால் ரயில் ஒன்றரைக்குத்தான்.
ஓடைக்கு அந்தப் பக்கம் போனோம்.

விழுந்த மரத்தில் உட்கார்ந்து முட்டை உரிக்கும்போது பார்த்தேன்:
தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து
காகிதத்தில் மடித்து
சட்டையின் உள்பையில் வைத்தான்.
மடியில் உதிர்ந்த துகளை
ஈர விரலால் ஒற்றி ஒற்றி நாக்கில் வைத்தான்.
அவனுக்கே தெரியாமல்.

நாற்பத்தொன்பது மார்ச்சில் அவனுக்குப் பதினொரு வயது.
சரக்குப் பெட்டியில் பதினாறு நாள், பிறகு ஓம்ஸ்க்.
சொன்னது இவ்வளவுதான்.
மீதியைக் கேட்டால் எழுந்து
குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கப் போவான்.
அந்தக் கைக்குள் இன்னொரு சின்னக் கை
இத்தனை வருடம் என் பக்கத்தில் படுத்திருக்கிறது.

என் ரொட்டியையும் பிய்த்து நீட்டினேன்.
"எதற்கு?"
"பசியில்லை."
"உப்பில்லாத முட்டை தின்றால் அப்படித்தான்."

திரும்பும் ரயிலில் எல்லா வாளிகளும் துணியால் மூடியிருந்தன.
தௌகாவா பாலத்தில் ஒருத்தி எழுந்து ஆற்றைப் பார்த்தாள்.
எல்லோரும் பார்த்தோம்.
ஆறு அங்கேயே இருந்தது.

இங்கேயே நில் என்று போனவன்
முக்கால் மணி நேரம் வரவில்லை.
கடை வரிசை தெரு திரும்பி நீண்டிருந்தது.
எங்கோ கல்தெருவில் கனமான ஏதோ அரைபடும் ஓசை.
அதற்குள் நான் அவனை
நான்கு முறை பிடித்துக்கொடுத்து
நான்கு முறை மீட்டிருந்தேன்.

வந்தான்.
ஒரு கட்டுத் தீப்பெட்டி. நான்கு பொட்டலம் உப்பு,
ஒவ்வொன்றும் ஒரு கிலோ.
"இப்போது ஞாபகம் வந்ததா?" என்றேன்.
சிரிக்க வாய் திறந்தபோதுதான் தெரிந்தது
காலையிலிருந்து பல்லைக் கடித்திருக்கிறேன்.

எந்த அரசு வந்தாலும் காளான் காத்திருக்காது.
சனிக்கிழமை செய்தித்தாளை மேசையில் விரித்து
நள்ளிரவு வரை சுத்தம் செய்தோம்.
ரேடியோ இரைந்தது, அணைந்தது, மறுபடி இரைந்தது.
வேகவைத்து ஆறவிட்டு
ஜாடியில் ஒரு அடுக்கு காளான், ஒரு அடுக்கு உப்பு.
மூடியில் தேதி எழுதுவது அவன் வேலை.
வருடத்தை எழுதுமுன்
பென்சில் கொஞ்சம் நின்றது.

மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.
முன்பின் தெரியாதவர்கள் தெருவில் கட்டிப்பிடித்தார்கள்.
நாங்களும் போனோம், அவனுக்குக் கால் வலித்தது, திரும்பினோம்.
உப்பு மட்டும் தீரவில்லை.

அடுத்த கோடையில் ரயிலேறியதும்
சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்,
இருக்கிறது என்று.
அந்த முறை முட்டையை மறந்திருந்தோம்.