தார்ன் ஆற்றுக்கு ஒரு கார் சாவி

சான்த் எனிமியில் துடுப்பு தரும்போதே
கடைக்காரி சொல்லிவிட்டாள்:
பின்னால் இருப்பவர்தான் படகைத் திருப்புவார்,
முன்னால் இருப்பவர் திட்டு வாங்குவார்.
பதினாறு வருடமாக நான் அறிந்த சட்டம்.
முன்னால் ஏறினேன்.

மற்றப் படகில் பிள்ளைகள்.
மதுவந்தி பின்னால், பதினாலு வயது அதிகாரத்தோடு.
கீர்த்திகனுக்கு ஒன்பது.
வாங்கிய திட்டையெல்லாம் ராகம் போட்டுத்
திருப்பிக் கொடுத்துக்கொண்டு வந்தான்.

தண்ணீர் பொய் சொல்கிற கண்ணாடி.
எட்டி எடுக்கலாம் போல் கிடக்கிற கல்லுக்குக் கைவிட்டால்
தோள்வரை போகும், கல் வராது.
இரண்டு பக்கமும் ஐநூறு மீட்டர்
வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை.
நடுவில் வானம்
எண்ணெய் வைத்து எடுத்த வகிடு.

சான் ஷெலியில் அருவி நேரே ஆற்றுக்குள் விழுந்தது.
அதற்குக் கீழே போகலாமா என்று கேட்டவன்
பதில் வருமுன் போயிருந்தான்.

அதற்கப்பால் சின்னதாய் ஒரு இறக்கம்,
நுரை, ஒரு கருங்கல் முதுகு.
இடம், இடம், என்று கத்தினார் சிவரூபன்.
எனக்கு எங்கே இடம்
என்று ஒரு கணம் யோசித்துவிட்டேன்.
ஆற்றுக்கு அந்த ஒரு கணம் போதும்.

ஜூலையிலும் எலும்பைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குளிர்.
எழுந்து நின்றால் இடுப்பளவுதான் ஆழம்;
அது எழுந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.
நீல மூடிப் பீப்பாய் மிதந்து வந்தது,
உள்ளே ரொட்டி, மீன் ரின், சம்பல் போத்தல்,
நாலு துவாய், எல்லாம் காய்ந்தபடி.
கார் சாவி அவருடைய காற்சட்டைப் பையில் இருந்தது.
இருந்தது.

பிள்ளைகள் மாறி மாறி மூழ்கினார்கள்.
ஒரு கரண்டி கிடைத்தது,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு,
கீர்த்திகனின் விரலைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்ற ஒரு நன்னீர் இறால்.
போனில் ஒரு கோடும் இல்லை.
பாறை எல்லாவற்றையும் குடித்திருந்தது,
கடைசியில் வெயிலையும்.

இங்கே தங்கக்கூடாது என்று பலகை இருந்தது.
பிரெஞ்சு தெரியாத மாதிரி நின்றோம்.
எங்களுக்கு நன்றாக வருகிற வித்தை அது.

மேலே பிணந்தின்னிக் கழுகுகள், பதினொன்று,
எண்ணினாள் மதுவந்தி.
‘கையை ஆட்டுங்கோ,
உயிரோட இருக்கிறமெண்டு காட்டுங்கோ.’
நாலு பேரும் எழுந்து நின்று ஆட்டினோம்.
ஒன்று மட்டும் தாழ வந்து பார்த்துவிட்டு
பிறகு வாறன் என்பதுபோலப் போனது.

சரளைக் கல்லில் துவாயை விரித்துப் படுத்தோம்.
முதுகெலும்பு ஒவ்வொரு கல்லாய் அறிமுகமானது.
தண்ணீருக்கடியில் கற்கள் உருண்டன,
அடுத்த வீட்டில் சில்லறை எண்ணுவதுபோல.

அவர் ரொட்டிப் பேக்கரியில் இரவு வேலை.
எங்கள் ஆறாம் மாடியில்
அவர் வரும்போது பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள்,
பிள்ளைகள் படுக்கும்போது அவர் சப்பாத்து மாட்டுவார்.
இரவில் அப்பா எப்படி இருப்பார் என்பது
அவர்களுக்குத் தெரியாது.
வாய் திறந்து, கை விரித்து,
தார்ன் பள்ளத்தாக்கு முழுதும் கேட்கக் குறட்டை விட்டார்.
கீர்த்திகன் என் காதுக்குள் வந்தான்:
‘அம்மா, சாவி இல்லாமலே
அப்பா ஸ்ரார்ட் பண்ணுறார்.’
மதுவந்தி சிரித்த சிரிப்பில்
எதிர்க்கரையில் ஏதோ ஒன்று தண்ணீருக்குள் குதித்தது.

நீர்நாயோ என்றோம்.
விடிந்ததும் பார்த்தால்
பென்சில் சீவினாற்போல் ஒரு வில்லோ மரம்,
ஈரச் சீவல் இன்னும் வெள்ளையாய்.
பீவர். பல்லால் சீவியிருக்கிறது இரா முழுக்க,
இவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு.

காலையில் நான் பின்னால் ஏறினேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
முதல் வளைவில்
இடம் என்றேன்.
தந்தார்.

லா மலேனில் கார் நின்றது,
பூட்டியபடி, பனி பிடித்து,
கண்ணாடியில் ஒரு அபராதச் சீட்டு.
கீர்த்திகன் அதை வாங்கி வாசித்தான்,
பிரெஞ்சு தெரிந்தவன்போல, சத்தமாக,
ராகம் போட்டு.