மயிரிழை

முதலில் கழற்றியது முகவிளக்கு.
பிறகு கண்ணாடிகள் இரண்டும்.
திரும்பிப் பார்க்க இனி அதற்கு வழியில்லை.
ஹாரன், இண்டிகேட்டர்கள், எண் பலகை,
கடைசியாகப் பக்க ஸ்டாண்ட்.
இனி தானாக நிற்கவும் தெரியாது,
யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.
டாண்டனாங்கில், டயர்க் கடைக்கும் மீன் கிடங்குக்கும் நடுவே
எங்கள் பட்டறையில்
ஆயிரம் சி.சி. வண்டியொன்று
பதினொரு கிலோ இளைத்து
என் இடுப்பில் சாய்ந்து நின்றது.

ஹாரனை சோபியப் எறியவில்லை.
பன்னிரண்டு வோல்ட் கம்பி இழுத்து
வாசல் மணியாக மாட்டிவிட்டான்.
கூரியர்க்காரன் அழுத்தும்போதெல்லாம்
நெடுஞ்சாலை ஒன்று உள்ளே வந்து போகும்.

வால்வு இடைவெளி என் பொறுப்பு.
பதினாறு வால்வு, பதினாறு இடுக்கு.
தகட்டு அளவியை நுழைத்து இழுத்தால்
கனத்த புத்தகத்துக்கு அடியிலிருந்து தாளை உருவுவதுபோல்
வரவும் வேண்டும், வர மறுக்கவும் வேண்டும்.

மயிரிழையில் தப்பினான் என்று
எத்தனை முறை சொல்லியிருப்பேன், அளந்து பார்க்காமல்.
ஒரு நாள் மைக்ரோமீட்டரின் வாயில்
என் தலைமயிர் ஒன்றையே வைத்தேன்:
பூச்சியம் புள்ளி பூச்சியம் ஏழு.
உள்வால்வுக்கு இரண்டு மயிர்.
வெளிவால்வுக்கு நான்கு, கொஞ்சம் குறைய.
சோபியப் பதிவேட்டில் மில்லிமீட்டர் எழுதுவான்.
நான் ஓரத்தில் மயிர்க்கணக்கு எழுதுவேன், தமிழில்.
வீட்டில் அந்தச் சொல்லை
வாய்விட்டுச் சொல்லக்கூடாதென்று வளர்த்தார்கள்.
இங்கே அது ஓர் அலகு.

அதற்குப் பிறகு பூட்டுக் கம்பி.
எண்ணெய் வடிக்கும் திருகு, வடிகட்டி, பிரேக் காலிப்பர்,
ஒவ்வொரு போல்ட் தலையிலும் நூல் நுழையும் துளை.
நாலு துரப்பண முனை முறிந்தது.
கம்பியைக் கோத்து, முறுக்கி,
இறுகும் திசையிலேயே இழுபடும்படி கட்டினால்
அவிழ நினைக்கும் போல்ட்டும்
தன்னையே பிடித்துக்கொள்ளும்.
அப்படிச் சில ஆட்களையும் எனக்குத் தெரியும்.
வெட்டிய நுனி விரலைக் குத்தும்.
குத்தாத வாரம், கூலி வராத வாரம்.

பிலிப் தீவு. பாஸ் நீரிணைக் காற்று
கூடாரத்தின் காலைப் பிடித்து இழுத்தது.
டயர்களுக்கு எண்பது பாகையில் சூட்டுப் போர்வை,
எனக்குப் பழைய ஜாக்கெட்.
கீரன் டல்லி, வொந்தாகி பையன்,
பின் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைக்கச் சொன்னான்.
குறைத்தோம்.
ஆறாம் சுற்றில் நாலாவதாக வந்தான்.
ஏழாம் சுற்றில், கடலைப் பார்த்துத் திரும்பும் இடத்தில்
முன்சக்கரம் மடங்கியது.
திரையில் பார்த்தேன்,
அதுவரை ஒன்றாய் இருந்தது
அவன் வேறு வண்டி வேறு ஆனது.
மூன்று தரம் புரண்டு சரளையில் கிடந்தது
என் பதினாறு இடுக்குகளும்.

அவன் எழுந்தான். தோளைப் பிடித்தபடி
தடுப்புவரை நடந்தான்.
மார்ஷல் ஒருவர் விளிம்பில் குனிந்து
கையுறையைக் கழற்றி
தாரை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார்.
தூக்கிக் காட்டினார், வெறுங்கை.
ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.
சிவப்புக் கொடி இல்லை.
அடுத்த சுற்றில் இருபத்தொரு பேரும்
எதுவுமே நடக்காததுபோல் அந்த இடத்தைக் கடந்தார்கள்.

அதுதான் நான் செய்தது.
எதுவுமே நடக்காதது.

முடிவுத் தாளில் டல்லிக்கு எதிரே
'முடிக்கவில்லை'.
ஸ்கேன் அறிக்கையில், காறை எலும்பில்
மயிரிழை விரிசல்.
எத்தனை மயிர் என்று
டாக்டரிடம் கேட்க வாய்வரை வந்தது.

செவ்வாய்க்கிழமை அடித்தட்டைக் கழற்றினோம்.
கைப்பிடி சரளை உதிர்ந்தது.
வடிதிருகில் என் முறுக்கு அப்படியே,
ஒரு கல் மட்டும் அதில் சிக்கியிருந்தது,
குறட்டால் நறுக்கினேன், இரண்டும் விழுந்தன.
புதிய கம்பியைக் கோத்து
பாதி முறுக்கில் இருக்கும்போது
சுவரிலிருந்து வண்டியின் பழைய குரல்.
புதுக் கைப்பிடி வந்துவிட்டது போல.
"போய்த் திற, சோபியப்," என்றேன்,
"என்னால் இதை விடமுடியாது."