மே மாதப் புல்

நேர்கோடாய் அறுப்பவன் நான்.
கரையில் வைத்தால் கடைசி வரை திரும்பாத டிராக்டர்,
நாற்பது மே மாதங்கள்.
அலகுக்குள் போன முட்டைகளை எண்ணியதில்லை.
டீசலை எண்ணினேன்,
பாலை எண்ணினேன், லிட்டர் லிட்டராக.

இந்த வருஷம் வித்ஸ்கெ
மூங்கில் கழிகளோடு வந்தாள்.
கூட்டுக்கு இரண்டு. ஒட்டி நடாதே,
காகம் கற்றுக்கொள்ளும் என்றாள்.
கூட்டுக்கு இத்தனை யூரோ.
அதற்காகத்தான் சரியென்றேன்,
மறைக்க ஒன்றுமில்லை.

முதல் கழியைச் சுற்றி ஸ்டீயரிங்கை ஒடித்தபோது
வாய்க்காலுக்கு அப்பால் ஹில்கெ கத்தினான்:
"காலையிலேயே ஊற்றிக்கொண்டாயா?"
அறுத்த வயலில் அறுக்காத திட்டுகள்.
குழந்தை கையில் கத்தரிக்கோல் கிடைத்த தலை மாதிரி
இருந்தது, உண்மைதான்.

பதினொரு கூடுகள்.
ஏழு நரிக்குப் போயின.
அந்தத் திட்டுகளே அதற்கு
வழி காட்டியிருக்கும் என்கிறாள் வித்ஸ்கெ.
ஓடுகளைக் குனிந்து பொறுக்கினேன்.
கோபம் வந்தது.
கூட்டுக்குத்தான் காசு,
கோபத்துக்கு யாரும் தருவதில்லை.

நேற்று வாய்க்கால் சேற்றில்
ஒரு கருவால் மூக்கன், பின்னால் பஞ்சுக்கால் குஞ்சு இரண்டு.
அதன் அலகு மண்ணுக்குள்.
என் அலகு அந்தரத்தில், தூக்கியபடி.
எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை.

பொழுது சாய ஹில்கெ வந்தான்.
புல்லின் ஈரம் பேசினான்,
பால் விலையைத் திட்டினான்.
சைக்கிளில் ஏறிய பிறகு,
திரும்பாமலே கேட்டான்:
"எத்தனை மிச்சம்?"
நாலு கூடு என்றேன்.
"கழியைக் கேட்டேன்" என்றான்.