பால் வாங்கப் போனோம்

ஏப்ரல் முழுக்கக் கம்பெனி சங்கு ஊதவில்லை.
லைன் வீட்டின் எட்டுக் கதவும் பகலெல்லாம் திறந்தே கிடந்தன.
எட்டு டிவியிலும் ஒரே எண்ணிக்கை,
ஒரு வீட்டில் மட்டும் அரை நொடி பிந்தி.

சம்பளத்துக்குப் பதிலாக முதலாளி
ஒரு மூட்டைச் சட்டை அனுப்பியிருந்தார்.
வெள்ளையில் நீலக் கோடு.
பிரான்சில் ஏதோ கடலோர ஊருக்குப் போகவேண்டியது.
அங்கேயும் கடை பூட்டியாச்சு,
அங்கேயும் ஆட்கள் வீட்டைச் சுற்றித்தான் நடக்கிறார்கள்,
பெட்டியெல்லாம் கூரை முட்ட நிற்குது என்றார் சூப்பர்வைசர்.
அந்த ஆர்டருக்குக் கழுத்துப்பட்டி வைத்தது நான்.
நாளைக்கு அறுநூறு கழுத்து.
ஒரு கழுத்துக்கும் மேலே முகம் பார்த்ததில்லை.

எத்தனையாம் நாளோ,
கவினேஷ் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டே
"எங்கியாச்சும் போலாம், எங்கியாச்சும் போலாம்" என்றான்.
இவர் தூக்குப்போசியை எடுத்தார்.
"யாராச்சும் கேட்டா, பால் வாங்கப் போறம்."
"நாலு பேருமா?"
"நாலு பேருந்தான குடிக்கறம்."

ஊத்துக்குளி ரோட்டின் நடுக்கோட்டில்
ஒரு நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது.
காற்றில் என்னமோ குறைந்தது.
சாயப்பட்டறை வாசம்.
பதினோரு வருசமாக அதைத்தான்
இந்த ஊரின் காற்று என்று நினைத்திருக்கிறேன்.
அது இல்லாத இடத்தில் வேப்பம்பூ.

நஞ்சராயன் குளம் எனக்கு அதுவரை
பஸ் ஜன்னலில் ஓடிப்போகும் ஒரு பச்சைப் பலகை.
கரையேறினால் அவ்வளவு தண்ணீர்.
நடுவில் கூழைக்கடாக்கள்,
ஷிப்டு முடிந்தவர்கள் மாதிரி, ஒன்றும் செய்யாமல்.

"இது கடலாம்மா?" என்றாள் பிரணிகா.
"குளம் கண்ணு."
"அலை இருக்குதே."
இருந்தது, விரல் உசரத்துக்கு.
மே மாதம் கன்னியாகுமரிக்கு எடுத்த டிக்கெட்டுக்குப்
பணம் திரும்பி வந்துவிட்டது.

தூண்டில் போட்டிருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்,
நாலு பேர், ஒரே கோடு, ஒரே துணியில் மாஸ்க்கு.
"என்னுங்க, பேண்டு செட்டுங்களா?"
இவர் சிரித்த சத்தம் கேட்டு ஒரு பறவை எழுந்து,
அத்தனை தூரம் போகத் தேவையில்லை என்று
மறுபடி உட்கார்ந்தது.

திரும்பும்போது தண்டவாளத்தோரமாக ஒரு குடும்பம் வந்தது.
தலையில் இரும்புப் பெட்டி,
கையில் பெயிண்டு வாளி, அதற்குள் அரிசி.
அப்பன் தோளில் மூன்று வயசுப் பையன்.
வெள்ளையில் நீலக் கோடு.

"அவங்களும் குளம் பாக்கறக்குத்தான் வாராங்க" என்று
பிரணிகா கையை ஆட்டினாள்.
அவனும் ஆட்டினான்.
தூக்கிய கைக்கடியில் தையல் விட்டிருந்தது.
அது வேறு மிஷின்.
என் வேலை கழுத்து.
கழுத்து நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது.

குளத்தைத் திரும்பிக்கூடப் பாராமல்
கிழக்கே போனார்கள்.

முக்கில் போலீஸ்காரர் லத்தியை நீட்டினார்.
"பால் கெடைச்சுதா?"
இவருக்கு வாய் வரவில்லை.
கவினேஷ் மூடியைத் திறந்து காட்டினான்.
கால் போசித் தண்ணீர், அடியில் நாலு நத்தைக்கூடு.
"கடல்" என்றான்.
அவர் குனிந்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.
"மூடிட்டுப் போ சாமி. சிந்தீரும்."

அந்தப் போசியில் ரெண்டு நாள் பால் திரிந்தது.
நான் யாரையும் வையவில்லை.

எட்டாம் நாள் ராத்திரி,
சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த இவர்
கையை நிறுத்திவிட்டு
"ஜோலார்பேட்டை வந்திருப்பாங்க" என்றார்.
யார் என்று யாரும் கேட்கவில்லை.
பிரணிகா மட்டும்
அங்கே குளம் இருக்குமா என்றாள்.