பாஷாணம் உள்பட

மேலூர் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் கம்பங்கூழ் வண்டிக்கும் நடுவில்
என் மேசை.
முப்பத்தோரு வருஷம்
விற்பவர் பெயரையும் வாங்குபவர் பெயரையும்
மாற்றி மாற்றி நிரப்பிய கை.

அன்றைக்கு வந்தவர்கள்
விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை.
ஏழைகாத்தாள், வயது ஐம்பத்து நான்கு,
கணவர் காலஞ்சென்ற மந்தக்காளை,
கரட்டை ஒட்டி மூன்று ஏக்கர் எண்பது சென்ட்.
கூடவே நஸ்ரின் என்று ஒரு பெண்,
காடு காக்கும் குழுவாம்,
தோள்பையில் தண்ணீர் பாட்டிலும் வரைபடமும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு
அந்த நிலத்தை ஒன்றும் செய்வதில்லை என்று
ஏழைகாத்தாள் எழுதிக் கொடுக்க வேண்டும்.
ஒன்றும் செய்யாததற்கு எதற்கம்மா பத்திரம்,
சும்மா இருந்தால் போதாதா என்றேன்.
"சும்மா இருக்க விடமாட்டேங்குறாகளே."

பழைய நகல் ஒன்றைத் திறந்தேன்.
ஜல தரு பாஷாண நிதி நிட்சேபம்,
மாவடை மரவடை, நடைவழிப் பாத்தியம்.
அர்த்தம் பார்க்காமலே விரல் ஓடும்.
வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள்.
"பாஷாணமா? எலிக்கு வைக்கிறதா?"
கல், என்றேன். நிலத்தில் கிடக்கிற கல் அத்தனையும்.
"எங்கொழுந்தன் சேவுகன் வித்தப்பவும்
இத எழுதினீகளா?"
எழுதினேன்.
சேவுகனுக்கு மட்டுமா.
அந்த வரிசையில் அறுபத்தோரு கிரயம்
இதே மேசையில்தான்.

செக்குபந்தி சொல்லுங்கள் என்றேன், பேச்சை மாற்ற.
வடக்கே மலை.
தெற்கே வண்டிப்பாதை.
மேற்கே கம்மாய் உள்வாய்.
கிழக்கே சேவுகன் புஞ்சை என்று அடிக்கப்போனேன்.
"அது புஞ்சையா? எட்டிப் பாத்தாத் தலை சுத்துது.
எங்க செவலைக் கன்னு அதுக்குள்ளதான் கெடக்கு."
அழித்துவிட்டு
பச்சைத் தண்ணீர் நிற்கும் குழிக்கு மேற்கு என்று
அடித்தேன், சர்வே எண்ணோடு.

பிறகு நிபந்தனைகள்.
ஜேசிபி இறக்குவதில்லை. கோடையில் தீ வைப்பதில்லை.
உசிலையும் விராலியும் வெட்டுவதில்லை.
சுனையில் மோட்டார் போடுவதில்லை.
ஆடும் கூடாது என்று நஸ்ரின் சொல்ல
அங்கே கொஞ்சம் சண்டை.
"பதினெட்டு உருப்படி. அதுக வாயைக் கட்டவா?"
வரைபடத்தை விரித்து
தெற்குச் சரிவு மட்டும், தை மாசி மட்டும் என்று முடிந்தபோது
மூன்று பேர் டீயும் ஆறிப்போயிருந்தது.

பிரதிபலன் எவ்வளவு?
எந்தப் பத்திரத்திலும் அந்த இடம் உண்டு.
பணம் கிடையாது என்றாள் நஸ்ரின்,
குரல் இறங்கியது.
சுனையைத் தூர் வாரலாம்,
யாராவது அத்துமீறினால் கூட வந்து நிற்கலாம்.
"நிப்பீகள்ல? அத எழுதுங்க."

ஆறு மாதம் முன்னே சொல்லிவிட்டு
யார் வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும் எழுதினேன்.
அதுதான் உறுத்தியது.
இவ்வளவு லேசான முடிச்சை
நான் போட்டதே இல்லை.

கடைசியாக, சொத்து யார் அனுபோகத்தில்?
விரல் மடக்கினாள்.
பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை ஒரு சோடி,
உடும்பு,
அழுங்கு, அதைப் பார்த்தது போன வருஷம்,
இருக்கோ என்னமோ,
கார்த்திகையில் வந்து போகிற, பேர் தெரியாத குருவி...
நஸ்ரின் சிரித்து, அதெல்லாம் வேண்டாம் சார் என்றாள்.
'எழுதிக் கொடுப்பவர் சுவாதீனத்தில்' என்று முடித்தேன்.
இருபது ரூபாய்த் தாள்.
சாட்சிக்குக் கூழ்வண்டிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

வெயிலில் நின்று முழுதும் கேட்டாள்.
ஓர் இடத்தில் நிறுத்தி, மறுபடி படிங்க என்றாள்:
ஜலம், தரு, பாஷாணம் உள்பட
எதையும் பெயர்ப்பதில்லை, பெயர்க்க விடுவதில்லை.

கூலி இருநூற்றைம்பது. வாங்கிக்கொண்டேன்.

அடுத்து நின்றவர் மூலப்பத்திரத்தை நீட்டினார்.
கிரயம்.
அதே மலை, மறுபக்கம்.
கிழக்கே யாருடையது என்று கேட்டேன்,
எப்போதும் கேட்பதுதான்.
அவர் சொல்லிவிட்டார்.
நான்தான் இன்னும்
விசைப்பலகையில் கை வைக்கவில்லை.