முப்பத்தொன்பது

நிங்போவிலிருந்து பதில் வந்தது:
அச்சு வாக்கில் உண்டு, விட்டத்தின் வாக்கில் உண்டு,
ஆரம் ஆரமாய் வெளியே பீறுவதும் உண்டு.
தன்னைத் தானே சுற்றிக்கொண்டு
தலை எது வால் எது என்றில்லாமல் ஓடும் காந்தம்
பட்டியலில் இல்லை, மேடம்.
யாரும் கேட்டதும் இல்லை.

கேட்டவர் திரு. குவெக்.
நாற்பது வளையம், மாத முடிவுக்குள்.
முன்பணம் கொடுத்தவரிடம் எதற்கு என்று விசாரிப்பது
காக்கி புக்கிட்டில் வழக்கமில்லை.

ஆகவே ஐந்தாம் மாடியில்,
சரக்கு லிஃப்டுக்குப் பக்கத்து அறையில், நானே செய்தேன்.
எந்தத் திசைக்கும் பிடிவாதம் பிடிக்காத கறுப்பு ஃபெரைட்,
மோதிரத்துக்குப் பெரிது, வளையலுக்குச் சிறிது.
துளை நடுவே செம்புக் கம்பி.
சுவரோரம் கெப்பாசிட்டர்கள், ஏறிக்கொண்டே போகும் முள்.
ஹஸ்னா காதைப் பொத்திக்கொள்வாள்.
எனக்குப் பொத்த முடியாது, பொத்தான் என் கையில்.

டப்.
கண்ணிமைப்பில் நூறில் ஒரு பங்கு,
ஐம்பதாயிரம் ஆம்பியர்.
கீழே டயர் கடைக்காரர்
முதல் நாள் மட்டும் மேலே ஏறி வந்து பார்த்தார்.

கம்பியைச் சுற்றி எழுந்த புலம்
வளையத்துக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.
தங்கியது என்று நான் சொல்கிறேன்.
குண்டூசி ஒட்டவில்லை.
திசைகாட்டியை அருகில் தள்ளினேன்,
அது பாட்டுக்கு வடக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.
ஹஸ்னா ஒன்றை ஃபிரிஜ் கதவில் வைத்தாள்.
மின்கட்டண ரசீதோடு கீழே விழுந்து
ஓரம் பெயர்ந்தது.

குவெக் காஸ் மீட்டரோடு வந்தார்.
நாற்பதையும் தொட்டார். நாற்பதிலும் பூஜ்யம்.
"வெறும் வளையத்துக்கும் இதே பூஜ்யம்தானே?"
ஆமாம்.
"அப்புறம் நான் எதற்குக் காசு தருகிறேன்?"
அடிக்கும்போது சுருள் சுற்றி எடுத்த வரைபடத்தை நீட்டினேன்.
மழைக்கு ஒதுங்கியவர் விளம்பரத் துண்டை வாங்குவதுபோல
வாங்கி மடித்துக்கொண்டார்.

வட்ட ரயில் பாதையைச் சொல்லிப் பார்த்தேன்.
பெயர்தான் வட்டம், இன்னும் மூடவில்லை,
ஹார்பர்ஃபிரண்டில் எல்லாரும் இறங்கியாக வேண்டும்.
மிச்ச மூன்று நிலையமும் முடிந்துவிட்டால்
கடைசி நிலையம் என்று ஒன்று இருக்காது.
துருவம் என்பது அவ்வளவுதான், சார்,
இறங்கச் சொல்லும் இடம்.
அவர் கார் வைத்திருப்பவர்.

ஓரம் பெயர்ந்ததை எடுத்தேன்.
துணி சுற்றி வைஸில் பிடித்து
ஒரே தட்டு.
இரண்டு பிறை.
நான்கு முனையிலும் குண்டூசிகள் பாய்ந்து
முள்ளம்பன்றியாய்ச் சிலிர்த்து நின்றன.
மீட்டர் துள்ளியது. குவெக் கைக்கடிகாரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சரி, இதில் இருந்தது.
மற்ற முப்பத்தொன்பதில்?"

இருக்கிறது என்று காட்ட உடைக்க வேண்டும்.
உடைத்தால் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது.
கொஞ்ச நேரம் மூவரும்
மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு ஹஸ்னா சொன்னாள், யாரையும் பார்க்காமல்:
"நாற்பது தடவை நான் காதைப் பொத்தினேன்."

வரைபடம் சொல்லாத எதை அது சொன்னதோ,
குவெக் பேனாவைத் திறந்தார்.
முப்பத்தொன்பதுக்கு மட்டும்.

அவர் போனபின் பிறைகளைச் சேர்த்தேன்.
ஒன்றைப் புரட்டி வைத்தால் முறைத்து விலகுகிறது,
பழைய வாக்கில் வைத்தால் தானே போய்
க்ளக்.
இரும்புத்தூள் தூவினால்
உடைந்த இரண்டு கோட்டின் மேல் மட்டும்
மீசை அரும்பியதுபோல் நிற்கிறது.

ஹஸ்னா அதை மறுபடி ஃபிரிஜ் கதவில் வைத்திருக்கிறாள்.
இப்போது ஒட்டுகிறது, லேசாக.
ரசீதைத் தாங்கும் அளவுக்கு இல்லை.