ஆகஸ்டில் பிறந்தவள்

பெயரை எழுதிக்கொண்ட நர்ஸ்
பொருள் கேட்டாள்.
வெயில் முற்றுவதற்கு முன்னால் வரும் பருவம் என்றேன்,
இளவேனில்.
சன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் எழுதினாள்.
அன்று ஷார்ஜாவில் நாற்பத்தேழு டிகிரி.

இன்று அவளுக்கு நான்கு முடிகிறது.
கூப்பிட ஆளில்லை.
கேஜி ஒன்று, சி பிரிவு, மொத்தமாக
ஊருக்குப் போயிருக்கிறது.
கைப்பேசியில் ஒவ்வொரு பெயராகத் தள்ளுகிறேன்:
துர்கேஷ் கோவில்பட்டியில்
அஃப்ரா கண்ணூரில்
மெர்லினும் தம்பியும் வேளாங்கண்ணியில், மொட்டையோடு.
டிக்கெட் இறங்கும் இறங்கும் என்று
ஜூன் முழுக்க இரவு இரண்டு மணிக்கு
எழுந்து எழுந்து பார்த்தார் இவர்.
ஏறியது.

இரண்டு கிலோ கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது.
முப்பது பலூன்.
தொப்பி இருபது, பத்துப் பத்தாகத்தான் விற்கிறார்கள்.
"யாரெல்லாம் வருவாங்க?"
காலையிலிருந்து பதினோராவது தடவை.
"வருவாங்க" என்கிறேன்
எழுவாய் இல்லாமல்.

நாலு மணிக்கு இவர்
செருப்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திப் போனார்.
சிகரெட்டுக்கு என்று நினைத்தேன்.
மாடி மாடியாகப் போயிருக்கிறார்
கல்யாணத்துக்கு அழைப்பவர் மாதிரி,
பத்திரிகையும் குங்குமமும்தான் இல்லை.
ஏழு வருடமாக லிஃப்டில்
மாறும் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர்.

ஆறரைக்கு முதல் மணி. கேக்.
கொண்டுவந்த பையனின் முதுகில் உப்புக் கோடு,
வற்றிய குளத்தின் கரை போல.
மூடியைத் திறந்தால்
தாளில் எழுதிக்காட்டி அனுப்பிய ஐந்து எழுத்தில்
நடு மூன்றும் வழிந்துவிட்டன.
முதலில் ஓர் இ, கடைசியில் ஒரு ல்.
இல்.
வீடு என்றும் சொல்லலாம்,
இல்லை என்றும் சொல்லலாம்.
எனக்கு அந்த நேரத்தில் இரண்டாவதுதான் வாயில் வந்தது.

சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று
பெஷாவர் இந்தியில் பையன் ஏதோ சொல்ல
எனக்குப் பாதி புரிந்தது.
இவள் அதற்குள் நாற்காலியில் ஏறி
அவன் ஹெல்மெட்டின் மேல்
பச்சைத் தொப்பியை வைத்து
தாடைக்கு எட்டாத ரப்பரை இழுத்துக்கொண்டிருந்தாள்.
முதல் விருந்தாளி.
இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தான்.
அடுத்த ஆர்டர் அழைத்துக்கொண்டே இருந்தது.

பிறகு மூன்றாம் மாடி சூடான்காரி,
மூன்று பையன்களோடு, நிலக்கடலை மிட்டாய்த் தட்டோடு.
பிறகு வாட்ச்மேன் ஷஃபிகுல், சாவிக்கொத்தைப்
பைக்குள் அமுக்கிப் பிடித்தபடி.
பிறகு பக்கத்து ஃப்ளாட் பேச்சுலர்கள் ஐந்து பேர்.
தண்ணீர் தொட்டுத் தலைவாரி, ஒருவர் பின் ஒருவராக
ஒளிந்துகொள்ளப் பார்த்து,
ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு கால்பந்து.
காற்றடித்தே கொண்டுவந்திருந்தார்கள்.

பாட்டை நாலு மெட்டில் பாடினோம்.
பெயர் வரும் இடத்தில்
இலா என்றது ஒரு குரல், வேனி என்றது ஒன்று,
ஷஃபிகுல் துணிந்து எலோபேனில் என்றார்.
எல்லாவற்றுக்கும் அவள்தான் திரும்பினாள்.

ஆட்டத்தில் கவுன் நாடா அவிழ்ந்தது.
நான் கத்தியும் கையுமாக நிற்க
பேச்சுலர்களில் மூத்தவர், இசக்கிமுத்து,
முட்டி போட்டு
இரண்டு காது வைத்து, சுண்டி இழுத்து,
அவிழாதபடி ஒரு முடிச்சும் போட்டார்.
கிரேனில் வேலை செய்யும் விரல்கள்.
ஊரில் எத்தனை வயது என்று
கேட்க வந்ததைக் கேட்காமல்
இன்னொரு துண்டு வைத்தேன்.

பால்கனி வழியாகப் பந்து இரண்டு முறை கீழே போனது.
இரண்டு முறையும் ஷஃபிகுல்தான் இறங்கினார்.
தொப்பி ஐந்து மிச்சம்.

இரவு இரண்டு மணி.
ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் இவர்
டிசம்பர் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே
யாரும் வெட்டாமல் விட்ட
இ-யைத் தின்றுகொண்டிருந்தார்.
"எவ்வளவு?" என்றேன்.
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ல்-லை எனக்குத் தள்ளினார்.